பலகை சுமந்த ரூத்தி

அன்பு மகள் ஜோலீனுக்கு, அப்பா சொல்லச் சொல்ல அடுத்த வீட்டு ஓபல் எழுதுவது. இங்கே நான் சுகம், முழங்கால் மட்டும் சுகமில்லை. அலாஸ்காக் குளிரில் நீயும் பிள்ளைகளும் நலமாயிருக்க வேண்டும்.

மேலே அணையை மூடி, நம் ஆறு செம்மண் நிறம் போய்ப் பச்சையாகிப்போன வருஷம் அது. அதே வருஷம் நவம்பரில்தான் ஜனாதிபதியைச் சுட்டார்கள், லாயத்துக் கூரையையும் காற்று பிய்த்துக்கொண்டு போனது. எதற்குச் சொல்கிறேன் என்றால், நீ கேட்டிருக்கிறாயே, ஊரார் பிள்ளைகளையெல்லாம் கோவேறு கழுதைமேல் ஏற்றி கேன்யன் பள்ளத்தாக்குக்குள் கூட்டிப்போனவர் பெற்ற மகளை மட்டும் ஒருநாளும் ஏற்றவில்லையே, பெண் என்பதால்தானே என்று. ஐம்பது வருஷமாய் இதை மனதில் வைத்திருந்திருக்கிறாய். அக்டோபரில் சவாரிக்குச் சீட்டு எடுத்துவிட்டேன், இப்பவாவது சரின்னு சொல்லுங்கப்பா என்கிறாய். காரணம் வேறு, கேள்.

அந்தச் செப்டம்பரில் நானும் எம்மெட்டும் ஆற்றங்கரைப் பாலத்துக்குப் பலகை கொண்டுபோனோம். எம்மெட் வேலையில் எனக்கு மூத்தவன், பயணப் பொறுப்பு அவனுடையது, எப்போதும் முன்னால் போகிறவன். உன் அம்மாவும் ஒருமுறை கீழே பார்த்தே தீருவேன் என்று கூடவே கிளம்பிவிட்டாள். இறங்கும்போது குறையில்லை. திரும்புகிற நேரம் அவள் ஏறிவந்த கழுதை நொண்டியது. அதைக் கீழேயே விட்டுவிட்டு, பலகை இறக்கி வெறுமுதுகோடு நின்ற சுமைக் கழுதை ரூத்திமேல் சேணத்தை மாற்றி அவளை ஏற்றினேன். அங்கேதான் தப்புச் செய்தேன். ரூத்தி மூன்று வருஷம் நீளப் பலகை சுமந்தது. பலகை நுனி பாறையில் இடித்தால் தன்னையே பள்ளத்தில் தள்ளிவிடும் என்று அதற்குத் தெரியும், அதனால் ஒவ்வொரு வளைவிலும் விளிம்புவரை போய், தலையை வெளியே நீட்டி, நின்றுதான் திரும்பும். முதுகில் இருப்பது பலகையா பெண்ணா என்று அதற்கு என்ன தெரியும். முதல் வளைவிலேயே உன் அம்மா ஆகாயத்தில் நின்றாள். பயந்துபோய்க் கடிவாளத்தைப் பாறைப் பக்கம் இழுக்க, ரூத்தியின் பின்கால் வழுக்கி ஒரு கல் உருண்டது, விழுந்த சத்தமே கேட்கவில்லை. நான் அவளுக்கு முன்னால், அந்தத் தடத்தில் திரும்ப இடமேது. “விட்டுடு வெர்னா, கயித்த விட்டுடு, அது பாத்துக்கும்” என்று கத்தினேன். எம்மெட்டோ விஷயம் தெரியாமல், “ஏன்டா ஹாலிஸ், புருசன் பொண்டாட்டி சண்டைய வீட்ல போய் வச்சுக்கக் கூடாதா” என்கிறான். அவள் விட்டாள், கண்ணையும் மூடிக்கொண்டாள். இன்னும் பத்தொன்பது வளைவு. ஒவ்வொன்றிலும் நான் செத்துப் பிழைத்தேன்.

மேலே வந்து இறங்கியதும் வாந்தி எடுத்தாள். பயத்தில் என்று நினைத்தேன். “பயமுமில்ல ஒண்ணுமில்ல, மூணு மாசம். உங்கள விட ரூத்திக்குப் புத்தி இருக்கு” என்றாள். சொன்னால் ஏற்றமாட்டேன் என்று மறைத்திருக்கிறாள். கர்ப்பிணியை ஏற்றக்கூடாது என்பது அன்றும் சட்டம்தான், வெளியே தெரிந்தால் எம்மெட்டின் வேலை போகும், அவர் இருக்கிறவரை மூச்சு விடாதீங்க என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். அப்புறம் நீ எத்தனை அழுதாலும் உன்னைச் சேணத்தில் உட்கார்த்த எனக்குக் கை வரவில்லை. பெண் என்பதால் இல்லையம்மா, பயம்.

போன மாதம் எம்மெட்டை அடக்கம் செய்தோம், சத்தியம் முடிந்தது. நேற்று ஓபலின் காரில் லாயத்துக்குப் போய் உனக்கு எதைத் தருவார்கள் என்று விசாரித்தேன். இப்போது அங்கே பொறுப்பு ஒரு பெண். “தாத்தா, எங்க கழுதைக்குப் பரீட்சை வைக்க வந்தீங்களா? ஒண்ணுகூடப் பலகை சுமந்ததில்ல, அதெல்லாம் இப்ப ஹெலிகாப்டர்ல போகுது” என்று சிரித்தாள். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

அதனால் தாராளமாக வா. முன்னால் போகிற கழுதையை விட்டுப் பின்தங்காதே, பின்தங்கினால் உன்னுடையது ஓடிப் பிடிக்கும். விளிம்பில் நடக்கிறதே என்று கடிவாளத்தை இழுக்காதே. தாகம் எடுக்குமுன் தண்ணீர் குடி. கர்த்தர் உன்னையும் பிள்ளைகளையும் கைவிடமாட்டார். வருகிற தேதியை மறக்காமல் எழுது, ஓபல் படித்துக் காட்டுவாள். ரூத்தி எப்போதோ போய்விட்டது, வெர்னாவும் போய்விட்டாள், இப்போது எம்மெட்டும். அன்று அந்த வளைவுகளில் ஏறி வந்தவர்களில் என்னைத் தவிர உயிரோடு இருப்பது இனி ஒரே ஒரு ஆள், எங்கள் எண்ணிக்கையில் சேராமல் வந்த நீதான், ஜோலீன்.

இப்படிக்கு,
உன் அப்பா ஹாலிஸ்