நீ அணைக்காமல் விட்ட கிளாக்

டப்பாவின் மூடியைத் திருகியதும் மல்லிகை வாசனை வந்தது. மூன்று நாளாக என் அலமாரியில், பழைய பள்ளிச் சட்டைகளுக்கு அடியில் கிடக்கிற டப்பா. ஆனாலும் அந்தச் சிவப்பு மூடியைத் திறக்கும்போதெல்லாம் உன் அப்பாவின் பூக்கடை அப்படியே என் அறைக்குள் வந்துவிடுகிறது. உள்ளே இருக்கிற கம்பிகளில்கூட வாசனை ஏறியிருக்கிறது. போன தீபாவளிக்கு எங்கள் வீட்டில் முறுக்கு போட்டு வைத்திருந்த டப்பா அது. முறுக்கை முக்கால்வாசி நீதான் தின்றாய்.

போர்வைக்குள் உட்கார்ந்து, போன் வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன். பக்கத்து அறையில் அம்மா. "பரீட்சைக்கு மூணு வாரம்தான் இருக்கு. அந்தப் பொண்ணோட டப்பாவைக் கொண்டுபோய் அவங்க அப்பாகிட்ட குடுத்துட்டு வந்து படிக்கிற வழியைப் பாரு" என்று நேற்றே சொல்லிவிட்டார். கொடுக்கத்தான் வேண்டும். நாளை சனிக்கிழமை, காலையில் கொண்டுவருகிறேன் என்று அங்கிளிடம் நானே வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நான்கு கல்யாணமாம், கடையின் சில்லர் குளிர்ப்பெட்டி முழுக்க மாலையாம். ஆனால் இன்று சாயங்காலம் வரைக்கும் அந்த டப்பா செத்துக் கிடந்தது. அதைக் கொன்றது நான்.

அங்கிளுக்கு இது தெரியாது. உடைந்த திரையைக் கழற்றத்தான் வாங்கிக்கொண்டு போனேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

உன்மேல் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. பள்ளிக் கவுன்சலர் கோபப்படலாம், தப்பில்லை என்றார். அம்மா, போனவர்கள்மேல் கோபப்படக் கூடாது என்கிறார். இந்த விஷயத்தில் நான் கவுன்சலர் பக்கம்.

அங்கிள் உன்னைப் பற்றி என்னிடம் அதிகம் பேசுவதில்லை. டப்பாவைப் பற்றித்தான் பேசுவார். சில்லரில் சூடு ஏறினால் அது கத்தும், அவர் ஓடிவந்து கதவைப் பார்ப்பார். அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் நீ போன பிறகு அவர் அதை ஒருநாளும் நிறுத்தியதில்லை. கடையில் இருக்கிற ஒரே பிளக் பாயிண்ட் சில்லருக்குப் போய்விடுவதால் டப்பாவுக்கு பவர் பேங்க்தான். தினமும் சாயங்காலம் சார்ஜ் ஏற்றிய ஒன்றைக் கொண்டுவந்து மாற்றுவார். திரை ஒரு நிமிடத்தில் இருண்டுவிடும், ஆனாலும் பேட்டரி ஒரே நாளில் காலியாகிவிடும். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை.

"என் மக பண்ணதுல்ல, அவளை மாதிரியேதான் இருக்கும் லா. எந்நேரமும் பசி" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பார். சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் மாலைகளை எண்ணுவதுபோல நிற்பேன்.

போன வாரம் பூக்கூடை இடித்துத் திரை விரிசல் விட்டது. "திரை எதுக்கும்மா, சத்தம் போட்டா போதும். அதை எடுத்துட்டா பேட்டரியாவது நிக்குமான்னு பாரு" என்றார் அங்கிள். நான் வீட்டுக்கு வந்து திரையைக் கழற்றினேன். உள்ளே இருக்கிற சிப் போர்டின் நிரலில், திரையை ஓட்டுகிற டிரைவர் என்ற குட்டிக் கோப்பையும் பட்டியலிலிருந்து நீக்கினேன். ஒரே ஒரு வரி. மறுபடி ஓடவிட்டேன். "சென்சார் படிக்கிறேன்" என்று லேப்டாப்பில் ஒரு வரி வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. போர்டு அப்படியே உறைந்துவிட்டது. பட்டனை அழுத்தினாலும் அசைவில்லை. மின்சாரத்தைப் பிடுங்கி மறுபடி போட்டால் அதே வரி, அதே உறைவு.

சூட்டை அளக்கிற சென்சாரின் டிரைவரை எழுதியது நான் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். அந்த ஒன்றுதான் நான் எழுதியது. மீதி எல்லாம் உன்னுடையது. அதனால் தப்பு என் பக்கம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஐந்து மாதம் ஓடிய டிரைவர் எப்படித் தப்பாக இருக்கும்? மூன்று நாளாக, பட்டியலில் மீதி இருந்த உன் கோப்புகளைத்தான் வரிவரியாகக் குடைந்தேன். எதிலாவது ஒரு விளக்கம் எழுதி வைத்திருக்கிறாயா? கிடையாது. எண்களுக்குப் பெயர் கிடையாது. மாறிகளுக்கு அ, ஆ என்று பெயர் வைப்பதுபோல எக்ஸ், எக்ஸ்எக்ஸ், எக்ஸ்எக்ஸ்எக்ஸ். ஒரு இடத்தில் "நாசி லெமாக்" என்று ஒரு மாறி. பசியில் எழுதினாயா? உன்னைத் திட்டாத வார்த்தை பாக்கி இல்லை. கேட்பதற்கு நீயும் இல்லை, அதற்கும் சேர்த்துத் திட்டினேன்.

இன்று சாயங்காலம் கடுப்பில், நீக்கிய திரை டிரைவரைத் திரும்பப் போட்டேன். திரை மேசையில் உடைந்து கிடக்கிறது, அதை ஓட்டும் நிரல் மட்டும் போர்டில். சென்சார் உயிர்பெற்றுவிட்டது! இருபத்தொன்பது டிகிரி, என் அறையின் புழுக்கம். கத்தும் அளவை என் அறைக்காக முப்பதுக்கு ஏற்றியிருந்தேன், கடையில் மாட்டும்போது இறக்கிவிட வேண்டும். மறுபடி நீக்கினேன், உறைந்தது. போட்டேன், ஓடியது. இல்லாத ஒரு திரை எப்படிச் சென்சாரைக் காப்பாற்றும்?

அப்போதுதான் கிளாக் ஞாபகம் வந்தது. உனக்கு இதெல்லாம் தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை, அதனால் எனக்கே சொல்லிக்கொள்கிறேன். சிப்புக்குள் எந்தப் பாகமும் சும்மா ஓடாது. அதற்கு இடைவிடாத துடிப்பு மாதிரி ஒரு கிளாக் சிக்னல் வர வேண்டும். பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காக, கேட்டால்தான் அந்தத் துடிப்பு கிடைக்கும். ஒவ்வொரு பாகத்தின் டிரைவரும் வேலையைத் தொடங்குமுன் கிளாக் வேண்டும் என்று கேட்க வேண்டும், முடிந்ததும் போதும் என்று விட்டுவிட வேண்டும். இரண்டு பாகங்கள் ஒரே கிளாக்கைப் பகிர்ந்துகொண்டால், கடைசி ஆளும் விட்ட பிறகுதான் அது நிற்கும். நின்றுபோன பாகத்திடம் போய் எதையாவது படித்தால் பதில் வராது. போர்டு பதிலுக்குக் காத்துக்கொண்டே உறைந்துபோகும்.

நம் போர்டில் திரைக்கும் சென்சாருக்கும் ஒரே கிளாக்.

என் கோப்பைத் திறந்து பார்த்தேன். கேட்கிற வரி இல்லை. நான் கேட்கவே இல்லை. மாதிரி நிரல் ஒன்றைப் பார்த்து எழுதினேன், அந்தப் போர்டில் கிளாக் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் போல. பிறகு உன் திரை டிரைவரை முதல் தடவையாகத் திறந்தேன். மூன்று நாளாக அதைத் தூக்கி எறிந்து வைத்திருந்தேன், இன்று போட்டும் எடுத்தும் பார்த்தேனே தவிர, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. நீ ஒழுங்காகக் கேட்டிருக்கிறாய். ஒழுங்காக விடவும் எழுதியிருக்கிறாய். ஆனால் விடுகிற அந்த வரியை மட்டும் வேலை செய்யாமல் மறித்து வைத்திருக்கிறாய். பக்கத்தில், பள்ளிக் கணினி கிளப்பில் வேறு யாரும் படிக்கக் கூடாது என்று வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தமிழ்:

"தொடாதே லா. அவ கிளாக் கேக்கல. அப்புறம் சொல்லலாம்."

மொத்த நிரலிலும் நீ எழுதிய ஒரே விளக்கம்.

போர்வைக்குள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகையா ஆத்திரமா தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருக்கிறது! என் டிரைவர் முதல் தடவை ஓடிய அன்று கணினி அறையில் நான் எப்படிக் குதித்தேன். "ஃபர்ஸ்ட் டைமே ஓடிடுச்சு பாருடி! நீயெல்லாம் பத்து தடவை முட்டுவே!" என்று எல்லார் முன்னாலும் உன்னைச் சீண்டினேன். நீ மைலோ பாக்கெட்டின் உறிஞ்சுகுழலைக் கடித்துக்கொண்டு, "நல்லாருக்கு லா" என்றாய். அவ்வளவுதான். அன்று இரவோ மறுநாளோ திரையை அணைக்கப் பார்த்திருப்பாய், என் சென்சார் செத்திருக்கும், காரணம் கண்டுபிடித்திருப்பாய். என்னிடம் சொல்வதற்குப் பதிலாக, உன் கிளாக்கை எனக்காக இரவும் பகலும் ஓடவிட்டுவிட்டாய். அந்தக் கிளாக் ஓடும்வரை போர்டு தூங்க முடியாது. போர்டு தூங்காவிட்டால் பேட்டரி நிற்காது.

எந்நேரமும் பசி என்று உன் பெயரில் அங்கிள் சிரித்தாரே, அது நீ இல்லை. நான்.

எப்போதும் நீ இப்படித்தான். செகண்டரி டூவில், என் பினாஃபோர் சீருடையின் பின்னால் கறை பட்டிருந்த அன்று, ரிசெஸ் இடைவேளையிலிருந்து பள்ளி முடியும்வரை எனக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு நடந்தாய். மார்சிலிங் ஸ்டேஷனைத் தாண்டி வீடுவரை அப்படியே வந்தாய். "ஏண்டி வாலு மாதிரி வர்றே?" என்று எரிந்து விழுந்தேன். வீட்டு வாசலில்தான் சொன்னாய். ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கத்தினேன். "சொன்னா நீ அழுவே" என்றாய். அழுதிருப்பேன்தான். அழுதுவிட்டு, உன் ஸ்வெட்டரை வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டு நிம்மதியாக நடந்திருப்பேன். நாள் முழுக்க உன்னைத் திட்டியிருக்க மாட்டேன்.

கடைசி வெள்ளிக்கிழமையும் அதே கதை. டப்பாவைக் கடையில் மாட்டப் போனோம். நியூட்டன் ஸ்டேஷனில் ரயில் மாறும்போது நீ தூணில் சாய்ந்து நின்றாய். கை சுட்டது. "ஜுரமாடி?" என்றேன். "லேசாதான். மாத்திரை போட்டுட்டேன் லா. இன்னிக்கு மாட்டாட்டி உன் மூஞ்சி தொங்கிடும்" என்றாய். கடையில் நாற்காலியில் ஏறி நீதான் ஆணி அடித்தாய். அது நான்காம் நாள் ஜுரம் என்று பிறகுதான் தெரிந்தது. வீட்டிலும் சொல்லவில்லை, அப்பாவுக்கு வெள்ளிக்கிழமை வியாபாரம் என்று. டெங்கி என்றார்கள். திங்கட்கிழமை மருத்துவமனை. வியாழக்கிழமை நீ இல்லை.

அப்புறம் சொல்லலாம் என்று எழுதி வைத்தாயே, எந்த அப்புறம்?

சரி. டிரைவரைச் சரிசெய்துவிட்டேன். படிக்கும் முன் ஒரு வரி, கிளாக் வேண்டும் என்று. படித்த பின் ஒரு வரி, போதும் என்று. மொத்தமே இரண்டு வரி. திரை டிரைவர் இல்லாமலேயே ஓடுகிறது. சோதித்துப் பார்க்கச் சென்சாரைக் கைக்குள் பொத்திப் பிடித்தேன். அதைச் செய்யுமுன் சத்தம் போடுகிற பஸ்ஸரைக் கழற்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. டப்பா வீடே அதிரக் கத்தியது. தலையணைக்கு அடியில் திணித்து மேலே படுத்துக்கொண்டேன்.

"என்னடி சத்தம்?"

"போன்மா! அலாரம்!"

"இந்த நேரத்துல என்ன அலாரம்? படுடி!"

வயிற்றுக்கு அடியில் அது இன்னும் கத்திக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஐந்து மாதத்தில் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

இப்போது ஒருமுறை படித்துவிட்டு அடுத்த நிமிடம்வரை போர்டு தூங்குகிறது. பவர் பேங்க் பல நாள் தாங்கும் போலத் தெரிகிறது. அங்கிள் இனி தினமும் மாற்ற வேண்டியதில்லை. அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. சாயங்காலமானால் பவர் பேங்க்கோடு அந்த டப்பாவிடம் போவதுதான் அவர் உன்னிடம் வந்து போகிற மாதிரி. அதையும் நான் எடுத்துவிடுகிறேனோ? ஒன்றும் சொல்லாமல் பழையபடியே, திரை டிரைவரையும் சேர்த்து மாட்டிவிட்டு வந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். பேட்டரி தீரும், அவர் மாற்றுவார், உன்னைச் சொல்லிச் சிரிப்பார், யாருக்கும் தெரியாது. யோசித்து முடித்ததும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அது நீ செய்கிற வேலை.

அதனால் உன் திரை கோப்பில், நீ மறித்து வைத்த வரியைத் திறந்துவிட்டேன். என்றாவது புதுத் திரை வாங்கினால் அது ஒழுங்காகவே அணையும். உன் குறிப்பை அழிக்கவில்லை. அதற்குக் கீழே, அதே ஆங்கில எழுத்துத் தமிழில் எழுதியிருக்கிறேன்: "நான் கேட்டு வாங்கிட்டேன்டி. நீ இனி அணைச்சுக்கலாம்."

காலையில் முதல் ரயிலில் கிளம்புகிறேன். கடை திறந்ததும், மாலைகளை எண்ணுவதுபோல நிற்காமல், அங்கிள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஐந்து மாதமாக பேட்டரியைத் தின்றது உங்கள் மகள் இல்லை, அங்கிள், நான்தான். அவள் எனக்காகப் பேசாமல் இருந்தாள். சாயங்காலம் நீங்கள் சும்மாவாவது வந்து டப்பாவைத் திறந்து பாருங்கள், நானும் வருகிறேன். இதைப் பத்து தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் 'நான்தான்' என்ற இடத்தில் நின்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

அழுவேன்தான். அழுதுகொண்டேயாவது நாளைக்கே சொல்லிவிடுவேன்.