நான் திருத்திய பதினொரு பீட்டுகள்

டெட்ராய்ட்
மார்ச் 9

அன்புள்ள கென்யாட்டாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். சியாட்டிலில் நீயும் உன் லேப்டாப்பும், நீ இன்னும் வாங்கி முடிக்காத டிரம் மெஷின்களும் நலம்தானே? இங்கே பனி விட்டபாடில்லை, அம்மாவின் முழங்கால் மட்டும் தேவாலயப் பாட்டுக்குழு ஒத்திகை என்றால் உடனே சரியாகிவிடுகிறது.

உன் ஒன்பது பக்க மின்னஞ்சலை இரண்டு முறை படித்தேன், என் மாணவர்கள் யாரும் எனக்கு இவ்வளவு எழுதியதில்லை. மென்பொருளில் நாற்பதாயிரம் டிரம் ஒலிகள் இருக்கின்றன என்கிறாய், கேட்டு முடிக்க உனக்கு ஆயுள் கெட்டிதான். ஒரு மெஷினில் பதினாறு ரப்பர் பொத்தான்களும் விரலுக்கு இதம், ஆனால் திரை சிறியது. இன்னொன்றில் திரை பெரியது, பொத்தான் கல் மாதிரி. மூன்று மெஷின் வாங்கி மூன்றையும் திருப்பி அனுப்பிவிட்டு, கனம் என்று நீ இங்கேயே விட்டுப்போன பழைய மெஷினின் இழுவை எதிலும் இல்லை, ஸ்நேர் டிரம்மின் அடி ஒரு மயிரிழை பிந்தி விழ மாட்டேன் என்கிறது என்று வருத்தப்பட்டிருக்கிறாய். பதினொரு மாத ஆராய்ச்சியில் மேலே பாடுவதற்கு எத்தனை தாளம், எத்தனை பீட் செய்தாய் என்று மட்டும் எங்கும் காணோம். என் வகுப்பில் ஒரு பையன் தேர்வு மணி அடிக்கும் வரை பென்சில் சீவிக்கொண்டே இருப்பான், பென்சில் அருமையாக இருக்கும். நம் தேவாலய டீக்கன் ஹாலிஸும் இறைச்சி வாட்ட மூன்று அடுப்பு வாங்கினார், விருந்தன்று கடை ஹாட் டாக்தான் கிடைத்தது.

இனி நான் செய்த காரியம். போனில் சொன்னால் நீ கத்துவாய், அதனால் முந்திக்கொண்டு சொல்லிவிடாதே, நானே எழுதிச் சொல்கிறேன் என்று என் தங்கை மகள் ரோஷெல்லிடம் கேட்டுக்கொண்டேன். அவளுக்கு இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி ஸ்டுடியோவில் பதிவு, அதைக் கேட்டுத்தான் ஓர் இசை நிறுவனம் அவளை எடுப்பதா வேண்டாமா என்று சொல்லும். உன் பழைய மெஷினில் இருக்கும் பீட் ஒன்றின் மேல்தான் பாடுவேன் என்றாள். எடுத்து வைக்கப்போனவன் கேட்டுப் பார்த்தேன், ஸ்நேர் எல்லாம் பிந்தி விழுந்தது. முப்பத்தினாலு வருஷம் கணக்கு நோட்டுத் திருத்திய கை சும்மா இருக்குமா? தாளத்தை நேராக்க ஒரு பொத்தான் இருந்தது. அதிலிருந்த பதினொரு பீட்டையும் நேராக்கி, பழையதன் மேலேயே சேமித்தும் விட்டேன். பையன் கவனக்குறைவு என்று உன்னைத் திட்டவும் செய்தேன்.

ரோஷெல் வந்து கேட்டாள். காதிலிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, “மாமா, யாரு இதக் கொன்னது? லிஃப்ட்ல போடுற பாட்டு மாதிரி இருக்கு!” என்றாள். லேட்டா விழுந்துச்சும்மா, சரி பண்ணேன் என்றேன். “அந்த லேட்டுதான் மாமா பாட்டே! டெட்ராய்ட் பாட்டே இப்படிப் பிந்தித்தானே விழும், இங்க பொறந்துட்டு இப்படிப் பண்ணலாமா?” என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். அடுக்களையிலிருந்து உன் அம்மா, “புள்ளைங்க உசுர எடுத்தது பத்தாதுன்னு இப்ப மெஷினும் கெடச்சிடுச்சு இவருக்கு” என்றாள்.

பிறகு ரோஷெல் அதே மெஷினில், நேராக்கும் பொத்தானை அணைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் தட்டிப் பார்த்தாள். அடி பிந்தித்தான் விழுந்தது, ஆனால் நொண்டியது. கடைசியில், “மெஷின்ல ஒண்ணுமில்ல மாமா, எல்லாம் அவன் வெரலுதான். இது தெரியாம அந்த லூசு கடை கடையாத் தேடிட்டிருக்கான்” என்றாள். உன் ஒன்பது பக்கத்துக்கும் பதில் அதுதான், என்னால் இதைவிட நன்றாகச் சொல்ல முடியாது. லேப்டாப் விசையில் தட்டினாலும் போதுமாம், நேராக்குவதை மட்டும் அணைத்து வை. அவளுக்குப் புதிதாக ஒரு பீட் தட்டி நீ அனுப்பாவிட்டால் பக்கத்து ஊர் சௌத்ஃபீல்டில் ஒருவனிடம் வாங்கிக்கொள்வாள், அவனிடம் எல்லா மெஷினும் இருக்கிறது, அடி அளவுகோல் வைத்தது போல விழும்.

அழித்ததற்கு மன்னித்துவிடு. திருத்தத் தெரிந்த எனக்குத் திரும்பப் பிழையாக்கத் தெரியவில்லை.

நன்றாகச் சாப்பிடு, கர்த்தர் உன்னைக் காப்பாராக, உன் விரல்களையும். ஒன்றை மறக்காதே: ஸ்நேர் எவ்வளவு வேண்டுமானாலும் பிந்தட்டும், பீட் இருபத்தேழுக்குள் வந்து சேரவேண்டும்.

அன்பு முத்தங்களுடன்,
உன் அப்பா,
அலோன்ஸோ ப்ரூயிட்