பட்டு இல்லாத பை

3-6-2003, செவ்வாய்

வழக்கம்போல் பட்டுக் கடையில் பில் அடித்துக்கொண்டிருந்தேன். முதலாளி சம்பந்தம் கூப்பிட்டார். இத்தனை வருடமாகச் சேலை மூட்டையோடு பெங்களூர், சேலம் என்று போய் ஆர்டர் எடுத்து வந்தவர் அவருடைய மச்சான் ஜெயச்சந்திரன். அவருக்கு முட்டி போய்விட்டது.

"இனிமே நீ போ, அன்பழகா. மூட்டையெல்லாம் எதுக்கு? படம் புடிச்சி கம்ப்யூட்டர்ல போட்டு எடுத்துகினு போய்க் காட்டு. இன்னா இன்னா வேணுமோ நீயே பாத்து வாங்கு."

நீயே பார்த்து வாங்கு. நான்கு வருடத்தில் இந்த வார்த்தையை அவர் வாயில் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து தமிழ்ச்செல்வியிடம் சொன்னேன். அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். உடனே பாயசம் வைத்தாள். நானும் சந்தோஷப்பட வேண்டும். சாப்பிட்டேன்.

7-6-2003, சனி

சென்னை, ரிச்சி தெரு. பழைய லேப்டாப்களைக் காய்கறி மாதிரி அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒன்று மின்னல் வேகம் என்றான் கடைக்காரன். வேகம் எனக்கு எதற்கு? படம் தெரிந்தால் போதும். பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும் என்றால் "நல்லா நிக்கும் சார்" என்பதற்கு மேல் பதில் இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கடையிலேயே உட்கார்ந்துகொண்டேன். முதலாவது லேப்டாப் டீ வருவதற்குள் செத்தது. இன்னொன்று, கொஞ்சம் மங்கல், ஆனால் நின்றது. அதையே எடுத்தேன்.

பையை மாட்டிக்கொண்டு கோயம்பேடு பஸ்ஸில் நின்றபடியே வந்து பார்த்தேன். தோள் வலிக்கிறது. ஆனால் மூட்டைக்கு இது எவ்வளவோ மேல்.

9-6-2003

கேமரா வாங்கியாயிற்று. பென்சில் செல் போடுகிற மாதிரி. எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும்.

12-6-2003, வியாழன்

சேலைகளைப் படம் பிடித்தோம். ஜெயச்சந்திரன் அண்ணன் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றாகப் பாயில் விரித்தார். நான் நின்றபடி எடுத்தேன். ஒரு மாம்பழக் கலர் சேலையில் முந்தானை ஓரம் மடங்கியிருந்தது. சரி செய்யக் குனிந்தேன்.

"நீ உடு உடு. நான் பாத்துக்கறேன்."

பத்து சேலை தள்ளி இன்னொரு மடிப்பு. மறுபடியும் "நீ உடு". அண்ணன் முட்டியைப் பிடித்துக்கொண்டு நகர்ந்து போய்ச் சரி செய்தார்.

முடிந்த பிறகு ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே முதலாளி மெதுவாகத்தான் பேசினார். ஆனால் கேட்டது. "கல்யாணப் பட்டு மச்சான். எந்தக் கை எங்க படணும்னு ஒன்னு இருக்கு. அதுக்குத்தான் கம்ப்யூட்டர் வாங்கினேன்."

அதற்குத்தான்.

நான்கு வருடமாக என் மேசை வாசல் பக்கம். சரக்கு அறைக்குள் போகிற வேலை எனக்கு வரவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் தெரு எது என்று வேலைக்குச் சேரும்போதே கேட்டார். நானும் சொன்னேன்.

கோபம் வர வேண்டும். வரவில்லை. பேஜாராகக்கூட இல்லை. ஒயரைச் சுருட்டி முடித்துப் பையில் வைத்தேன். பையையும் நான்தான் தேர்ந்தெடுத்தேன், அழுக்கு தெரியாத கறுப்பு.

13-6-2003

தமிழ்ச்செல்வியிடம் சொல்லவில்லை.

18-6-2003, புதன், பெங்களூர்

லாட்ஜில் ஒரே ஒரு பிளக். அதுவும் கட்டிலுக்கு எட்டாத உயரத்தில். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டு வந்தது நல்லதாகப் போயிற்று. அடுத்த முறைக்கு: சார்ஜரைத் துணிக்கு அடியில் வைக்கக் கூடாது. தேடியே அரை மணி போயிற்று.

சிக்பேட்டையில் பெரிய கடை ஸ்வர்ணலதா மேடத்துடையது. ஆம்பூர் பக்கத்துக்காரர், நன்றாகத் தமிழ் பேசுகிறார். லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். ஒரே கலர் சேலைகளுக்கு உடனே ஆர்டர் கொடுத்தார். டபுள் ஷேடு வந்ததும் நின்றுவிட்டார். ஊடும் பாவும் வேறு வேறு நிறம். சேலையைத் திருப்பத் திருப்ப நிறம் மாற வேண்டும். படத்தில் மாறவில்லை. நான் ஸ்கிரீனைச் சாய்த்தேன். சாய்த்தால் எல்லாமே வெளுத்துப் போகிறது.

மேடம் சிரித்துவிட்டார். "மாறுது தம்பி. ஆனா சேலை மாறல, உங்க பொட்டிதான் மாறுது. அடுத்த தபா சரக்கைக் கையில எடுத்துகினு வாங்க."

வெளியே வந்து முதலாளிக்குப் போன் செய்தேன். டபுள் ஷேடு நாலு மட்டும் நானே எடுத்து வருகிறேன் என்றேன். "மச்சானுக்குக் கால் சரியாவட்டும்" என்றார்.

2-8-2003

சேலம், ஈரோடு, மறுபடி சேலம். ஆர்டர்கள் வருகின்றன. நல்ல ஐடியா என்று முதலாளி எல்லோரிடமும் சொல்கிறாராம். அவருடைய ஐடியா.

10-9-2003, புதன், பெங்களூர்

இன்று ஜெயச்சந்திரன் அண்ணனோடு. ஆரணியிலிருந்து மூட்டையை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கும்போது கால் மடங்கிவிட்டது. நான் கை நீட்டினேன், மூட்டைக்கு. "பரவால்ல, பரவால்ல" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார். மூட்டையை விடவில்லை. என் தோள் படலாம். அது படலாம்.

கடையில் மேடம் சொன்னார்: "அவர் உக்காரட்டும், பாவம். நீங்க பிரிங்க தம்பி." நான் அசையவில்லை. அண்ணன் அரக்கப்பரக்க எழுந்தார். "இல்லம்மா, நானே, நானே..." முகத்தில் வேர்வை கொட்டுகிறது. மேடம் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால்கூட நல்லாயிருந்திருக்கும். அவங்களுக்குப் புரிஞ்சிபோச்சி. அதுதான் தாங்கல. கையில லேப்டாப் புடிச்சிகினு பொம்மை மாதிரி நிக்கறேன்! எதுக்குடா நிக்கற? இன்னாத்துக்கு இன்னும் நிக்கற? ஊர் முழுக்க சுத்தி, டீ ஆற ஆற உக்காந்து பாத்துப் பாத்து வாங்கினியே, எதுக்கு?

போதும். தூங்க வேண்டும்.

24-9-2003

மேடம் என் செல்லுக்கே கூப்பிட்டார். ஊர் ஊராகப் போய்ச் சரக்கு எடுக்கவும் கம்ப்யூட்டர் பார்க்கவும் ஆள் வேண்டுமாம். "சரக்கு பாக்கத் தெரியுமா தம்பி?"

பொய் சொல்லியிருக்கலாம். "பட்டைத் தொட்டதே இல்லைங்க மேடம்" என்றேன்.

"தெரியும்" என்றார். "வாங்க, கத்துக்கலாம்."

தமிழ்ச்செல்வியிடம் இன்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுதாள். அன்றே ஏன் சொல்லவில்லை என்று என் முதுகில் ஒன்று வைத்தாள். "உனக்கு உறைக்கவே உறைக்காதாய்யா?" என்றாள். எனக்கே தெரியவில்லை.

30-9-2003

லேப்டாப், கேமரா, சார்ஜர், பை எல்லாவற்றையும் மேசைமேல் வைத்தேன். "உனக்கு இங்க இன்னா கொறைச்சல்?" என்றார் முதலாளி. நிஜமாகவே கேட்டார். "ஒன்னும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

21-7-2004, புதன், ஆரணி

ஆவணி முகூர்த்தத்துக்குச் சரக்கு எடுக்க வந்தேன். லேப்டாப் எடுத்துப் போங்கள் என்று மேடம் சொன்னார். வேண்டாம் என்றேன். வாங்கப் போகிறவனுக்கு அது வீண் சுமை. செல்போன், சின்ன கேமரா, மாற்றுச் செல், தோள்பையில் அடங்கிவிட்டது.

பழைய கடைக்குப் போகாமலே திரும்பிவிடலாம் என்று இருந்தேன். டபுள் ஷேடு வேறு எங்கும் சரியாக அமையவில்லை. போனேன்.

"வாங்க வாங்க, அன்பழகன். உக்காருங்க." முதலாளிதான். இத்தனை 'ங்க' அவரிடம் உண்டென்று தெரியாது. சேலையை என் பக்கம் தள்ளி, "எடுத்துப் பாருங்க, கையில எடுத்துப் பாருங்க" என்றார். எடுத்து மடியில் வைத்தேன். என்னமோ ஆகும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. மயில்கழுத்துக் கலர், நல்ல கனம். இதுக்காடா என்றுதான் தோன்றியது.

டியூப் லைட்டில் இதைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. "வெயில்ல பிரிச்சிப் பாக்கணுங்க" என்று எழுந்தேன். முழு நீளத்துக்கும் பிரிக்க இன்னொரு ஆள் வேண்டும். ஜெயச்சந்திரன் அண்ணனால் எழ முடியாது. கடையில் வேறு யாரும் இல்லை.

முதலாளி செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு வந்து முந்தானைப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். மறுபக்கம் என் கையில். நான் போதும் என்று சொல்கிற வரைக்கும் அப்படியே நின்றார்.

நான் சீக்கிரம் சொல்லவில்லை.