நடுக்கட்டைகளுக்குப் பழைய கூலி

அன்புள்ள அம்மாவுக்கு,

வியன்னாவில் நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

பியானோவுக்குச் சுருதி சேர்க்க நூறு யூரோ வாங்கி வந்தேன் அல்லவா, இந்த மாதம் நூற்றிருபது ஆக்கினேன். என் வாடகை ஏறியபோது யாரும் வாய் திறக்கவில்லை. நான் ஏற்றினால் மட்டும் ஆளுக்கொரு நியாயம் பேசுகிறார்கள்.

நேற்று என் வாடிக்கையாளர் திருமதி ஆய்க்னர், "என் பொண்ணு பியானோவுல நடுவுல இருக்கிற கட்டைங்களத்தான் தொடுறா, கிங்கா. அத மட்டும் சரி பண்ணிட்டு பழைய கூலியே வாங்கிக்கோயேன்" என்றார்.

எனக்கு வந்த எரிச்சலில் "சரிங்க" என்று நடுப்பகுதியை மட்டும் முடித்துவிட்டு எழுந்தேன். நான் கோட்டை மாட்டியதும் மகள் லியோனி வந்து உட்கார்ந்து, ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை வாசித்தாள். சரிசெய்த நடுக்கட்டைகளோடு ஒட்டாமல் ஓரக் கட்டைகள் அலறின.

"அம்மா, முன்னாடி இதவிட நல்லா இருந்துச்சே!" என்றாள்.

திருமதி ஆய்க்னரின் முகம் சிவந்தது. "மீதியையும் பண்ணிடு."

"நூத்தியிருபதுங்க" என்று கையை நீட்டினேன் அம்மா.

"பிடிவாதக்காரிடி நீ!" என்று முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். மறுபடி கோட்டைக் கழற்றினேன்.

பிளம் ஜாமைச் சின்னப் பாட்டிலில் அனுப்புங்கள். பெரியதை நான் ஒருத்தியே தின்று முடிப்பதற்குள் பூஞ்சை பிடித்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட உட்காரும்போது எனக்குப் போன் போடுங்கள். பேசக்கூட வேண்டாம், மேசைமேல் அப்படியே வைத்துவிடுங்கள்.

டிராம் வந்துவிட்டது.

உங்கள் கிங்கா