செங்கல் வரை

பிப்ரவரி 3

மன்னித்துக்கொள், டைரி. தேர்வுத் தேதிகள் குறிக்க வாங்கிய உன்னிடம் புலம்ப வந்திருக்கிறேன். அப்பாவின் சிறுநீர்ப்பையில் புற்றுநோய். கட்டியைச் சுரண்டி எடுத்தாயிற்று. இன்று டாக்டர், "இன்னொரு தடவை சுரண்டணும்" என்றார்.

"திரும்ப வந்துடுச்சு, மறைக்கிறாங்க" என்று அம்மா வழியெல்லாம் அழுதாள். "வீட்லயே நீ ஒருத்திதானே படிச்சவ? வாயத் திறந்து கேட்டா என்ன?"

என்ன படித்து என்ன? நாக்கு ஒட்டிக்கொண்டதே!

பிப்ரவரி 5

முதல் நிலை என்றார்களே. பிறகு ஏன் இன்னொரு தடவை?

பிப்ரவரி 6

கேட்டுவிட்டேன்! தனியாகப் போய், நானே!

டாக்டர் படம் வரைந்தார். உள்தோலோடு நின்றால் ஆரம்பம். அதன் அடியில் இறங்கினால் முதல் நிலை. தசைக்குள் போனால் இரண்டு. வெளிக்கொழுப்பையோ ஒட்டிய உறுப்பையோ தொட்டால் மூன்று. தூரமாகப் பரவினால் நான்கு. அப்பாவுக்குச் சுரண்டியதில் தசையே வரவில்லை; அதற்குள் போயிருக்கிறதா என்று தெரியாது. அதனால்தான் மறுபடி. திரும்பி வரவில்லை! ஆனால் தசைக்குள் போயிருந்தால் பையையே எடுக்க வேண்டியிருக்கலாம்.

"அப்பா சிகரெட் பிடிப்பாரா? பெரிய காரணமே அதான். நிறுத்தச் சொல்லும்மா."

நானா? அப்பாவிடமா?

வீட்டுக்கு ஓடி வந்தேன். அப்பா பெயின்டர். "சுவர்ல ஓதம்ப்பா. மேல பூசின பட்டியை மட்டும் சுரண்டினா, செங்கல் ஊறியிருக்கான்னு தெரியுமா?"

"எப்படித் தெரியும்? செங்கல் வரைக்கும் கொத்தணும்." தன் அடிவயிற்றைத் தட்டிக்கொண்டார். "அடடே, அவ்வளவுதானா? உங்கம்மா ஒப்பாரியக் கேட்டு உயில் எழுதவே கிளம்பிட்டேன்."

"எழுத என்ன இருக்கு? ஏணியும் ரெண்டு பிரஷ்ஷும்" என்றாள் அம்மா. மூவரும் சிரித்தோம். எத்தனை நாளாயிற்று!

சிகரெட் விஷயம் மட்டும் சொல்லவில்லை.

பிப்ரவரி 19

சுரண்டியாயிற்று. கொத்தியிருப்பார்களா, செங்கல் வரை?

பிப்ரவரி 27

செங்கல் காய்ந்திருக்கிறது! இம்முறை தசை வந்திருக்கிறது, அதில் ஒன்றுமே இல்லை! பை தப்பித்தது. வாராவாரம் பைக்குள் மருந்து விடணும், அவ்வப்போது கேமரா விட்டு உள்ளே பார்க்கணும் — பார்க்கலாமே, நன்றாகப் பார்க்கலாம்! அம்மா நர்ஸைக் கட்டிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்ததும் அப்பாவின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. அவர் முகத்தைப் பார்க்காமல், அந்தக் கையைப் பார்த்துச் சொன்னேன்:

"ஒழுகுற குழாயை அடைக்காம நீங்க எந்தச் சுவருக்காவது பெயின்ட் அடிச்சிருக்கீங்களா? விட்டுடுங்கப்பா."