உள்ளங்காலில் ஒரு சுண்டு

மார்ச் 4

இன்றைக்கும் கடுகு மூச்சுவிட மறந்துபோனது. குறைமாதக் குழந்தைகள் அப்படித்தான். மெஷின் கத்தும். ஓடிப்போய் உள்ளங்காலில் விரலால் ஒரு சுண்டு சுண்டினால், முகத்தைச் சுளித்துக்கொண்டு மூச்சை இழுக்கும். எழுப்பிவிட்டேனாம், முறைப்பு வேறு. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று அந்தப் பெயரை வைத்ததே நான்தான். பேர் வைக்காதே, பின்னால் நீதான் கஷ்டப்படுவாய் என்று ஹெட் நர்ஸ் சொன்னார். கேட்டால்தானே.

வீட்டுக்கு வந்த பிறகும் காதுக்குள் மெஷின் கத்துகிறது.

மார்ச் 7

தங்கை வீட்டுக்குப் போனேன். போகாமலே இருந்திருக்கலாம்.

அவள் குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. கொழுகொழுவென்று தொட்டிலில் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தது. அந்த அசையாமைதான் — விரல் என் பேச்சைக் கேட்கவில்லை. காலில் சுண்டிவிட்டேன். வீடே அதிர அழுதது. போன தடவையும் இதே கூத்துதான்.

"இப்பத்தான்க்கா தூங்க வச்சேன்," என்றாள். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "பெரியம்மாவா வர்றதா இருந்தா வா. நர்ஸா வராத."

சுருக்கென்றது. தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டேன். தூங்குகிற குழந்தையைப் பார்த்துப் பயப்படாமல் இருக்க அவளுக்குக் கொடுத்து வைத்திருக்கிறது. எனக்கு இல்லை. அதற்கு நான் என்ன செய்ய?

மார்ச் 8

அவள் கூப்பிடவில்லை. நானும்தான்.

மார்ச் 11

கடுகு போய்விட்டது.

டாக்டர் செய்ய வேண்டியதெல்லாம் செய்து பார்த்தார். எல்லாம் முடிந்த பிறகும் நான் காலைச் சுண்டிக்கொண்டே இருந்தேனாம். ஹெட் நர்ஸ்தான் என் கையைப் பிடித்து விலக்கினார். ஒயர் எதுவும் இல்லாமல் கடுகோட அம்மா முதல் தடவையாகப் பிள்ளையை ஏந்தினாள். "கால் இன்னும் சூடா இருக்கு சிஸ்டர்," என்றாள்.

சாயங்காலம் கடுகு இருந்த அதே கண்ணாடிப் பெட்டியில் வேறு குழந்தை. நானே துடைத்து, நானே சூடேற்றி வைத்தேன். இதெல்லாம் ஒரு பொழப்பா? அழுகை வரமாட்டேங்குது. வந்தாலாவது தேவலை.

மார்ச் 13

லீவு. எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் தங்கை வீட்டு வாசலில்தான் போய் நின்றேன். வெட்கமாகத்தான் இருந்தது. கடுகு போனதைச் சொன்னேன். அவள் மெத்தையில் என்னைப் படுக்கச் சொல்லி, குழந்தையைக் கொண்டுவந்து பக்கத்தில் கிடத்திவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். என்னை நம்பி.

குழந்தை தூங்கிப்போனது. விரல் துறுதுறுத்தது. கையைத் தலைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டேன். சின்ன நெஞ்சு ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

எப்போது கண்ணசந்தேனோ தெரியாது. உள்ளங்காலில் யாரோ சுண்ட, வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தேன். கால்மாட்டில் தங்கை. அவள் தோளில் குழந்தை, கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு.

"இவ்ளோ நேரமா நீ அசையவே இல்லக்கா," என்றாள். "பயந்துட்டேன்."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.