இரண்டு எஞ்சின்களும் ஒரு கேபிளும்

மச்சான்,

நேற்று பள்ளிக்கரணையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வேலையாகப் போயிருந்தேன். கீழ்த்தளத்தில் இரண்டு ஜெனரேட்டர்கள் சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தன. சத்தம் சீராக இல்லை. ஒன்று ஏறினால் மற்றது இறங்கியது. வாட்ச்மேனுக்கு அது வெறும் இரைச்சல். எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது.

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் நாம் எடுத்த முதல் வேலை. ஒரு மாணவர் விடுதி, அதன் சுவரை ஒட்டி ஒரு சின்ன மருத்துவமனை. விடுதியில் சமையல் கழிவு வாயுவில் ஓடும் எஞ்சின் என் பொறுப்பு. மருத்துவமனையில் விறகு வாயு எஞ்சினும் மாடியில் சோலார் தகடுகளும் உன் பொறுப்பு. இரண்டையும் ஒரே கேபிளில் இணைத்து, ஒரு பக்கம் குறைந்தால் மறுபக்கம் கொடுக்க வேண்டும். மறைமலை நகரில் மாதச் சம்பளத்தை உதறிவிட்டு நீ இதில் இறங்கியிருந்தாய். இது சரிவராவிட்டால் பழைய வேலைக்கே போய்விட வேண்டும் என்று உன் வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

இணைத்ததில் குறையில்லை. நடுவில் மாட்டிய மூன்று பல்புகளும் மெதுவாக எரிந்து அணைந்து, இரண்டு எஞ்சின்களும் ஒரே தாளத்துக்கு வந்து பல்புகள் முழுதாக இருண்ட நொடியில் நீ சுவிட்சைத் தள்ளினாய். டீ குடித்தோம். மாலையில் விடுதிச் சமையலறையில் கிரைண்டரைப் போட்டார்கள், அவ்வளவுதான். விளக்குகள் மங்கின, பளிச்சென்றன, மறுபடி மங்கின, பிரேக்கர் விழுந்து இணைப்பு அறுந்தது. திரும்ப இணைத்தோம். திரும்ப விழுந்தது.

மருத்துவமனை மேனேஜர் வந்து நின்றார். “என்ன சார், லைட்டு கண்ணடிச்சிட்டே இருக்கு? உள்ள பேஷண்ட் இருக்காங்க. ஒத்து வரலன்னா கழட்டிடுங்க. நாங்க டீசலுக்கே போயிடுறோம்.”

நான் கேபிளைச் சந்தேகப்பட்டேன், மீட்டரைத் திட்டினேன். நீ இரண்டு சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருந்தாய். பிறகு சிரித்தாய்.

“மச்சான், ரெண்டு பேரும் அவங்கவங்க எஞ்சினை ஐம்பது ஹெர்ட்ஸ்ல அசையாம நிக்க வெச்சிட்டோம். லோடு வந்தா நான்தான் தூக்குவேன்னு ரெண்டும் முறுக்கிக்கினு கீது. ஒண்ணு கொஞ்சம் தொய்யணும்.”

சுமை ஏறினாலும் வேகம் குறையாமல் பிடித்து நிறுத்துவதுதான் அன்று நம் இருவருக்கும் பெருமை. அந்தப் பெருமையை அப்படியே கேபிளின் இரு முனையிலும் கட்டியிருந்தோம். எதைத் தளர்த்துவது என்று நீ கேட்கவில்லை. நேராகப் போய் உன் எஞ்சினின் வேகத்தைப் பிடித்து வைக்கும் கவர்னர் திருகைத் தளர்த்தி, கிரைண்டரைப் போடச் சொன்னாய். விளக்குகள் ஒரு கணம் தயங்கி, நின்றன. மேனேஜர் உள்ளே போனார். நமக்குத் தொழில் நிலைத்தது அன்றைக்குத்தான்.

தாம்பரத்தில் கடை போட்டபோதும் நீ அப்படித்தான். போர்டில் என் பெயர் முன்னால் வந்தது. நான் கத்தினால் நீ எழுந்து போய் டீ சொல்லிவிட்டு வருவாய்.

இப்போதெல்லாம் அந்தத் தொய்வை ஜெனரேட்டரின் கன்ட்ரோல் பேனலிலேயே ஓர் எண்ணாகத் தட்டிவிடலாம். அதை வைக்காமல் நான் எந்த இடத்தையும் விட்டு வந்ததில்லை, நேற்று உட்பட. நீ போன பிறகு கடையை நான் ஒருவனே பார்த்துக்கொள்கிறேன். தனியாக ஓடும் எஞ்சினுக்குத் தொய்வு வேண்டாம். ஐம்பதிலேயே அசையாமல் நிற்கும். நானும் அப்படித்தான் நிற்கிறேன். நன்றாகவே இல்லை, மச்சான்.